மார்க் நோட்டு: பழைய சண்டைப் படங்களைத் திரும்பப் பார்த்தபோது

(விழுப்புரத்தில் மாணவர் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



‘சினிமாவும் தலித் அரசியலும்’ என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்லை. கவிதை எழுதுகிறவன். பிழைப்புக்கு வங்கியில் கிளார்க். அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்துச் சாயங்காலம் கணக்கு நேராக்கி வீட்டுக்குப் போகிற வேலை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு சின்னக் காரியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். போன வருஷம் வீட்டில் உட்கார்ந்து பழைய சண்டைப் படங்கள், கொலைக்கேஸ் படங்கள், போலீஸ் படங்கள் என்று இருபதுக்கு மேல் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டேன். அந்த நோட்டைத்தான் கையில் வைத்திருக்கிறேன்.

தெருவில் ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது இது என்ன வெட்டி வேலை என்று ஒரு தோழர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். பேசி முடிக்கும்போது அவருக்குப் பதில் கிடைத்திருந்தால் சரி. கிடைக்காவிட்டால் அவர் என்னைத் திட்டலாம்.

இது என் தாய்மாமாவிடமிருந்து ஆரம்பித்தது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் எங்கள் வீட்டில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் உழைத்த உடம்பு. சும்மா படுத்திருக்கத் தெரியாது. “மாப்ள, எதாச்சும் பழைய சண்டப் படம் இருந்தா போடு. பொழுது போவல” என்றார். நான் வேலை முடிந்து வந்ததும் ராத்திரி ஒரு படம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்று ஆரம்பித்தோம். மூன்றாவது நாள் மாமா கேட்டார், “சின்னப் பையன்ல நோட்டுல மார்க்கு போடுவியே, இப்ப போட மாட்டியா?”

ஆமாம், போட்டிருக்கிறேன். எங்கள் காலனிப் பையன்கள் எல்லோரும் போடுவோம். ஆறு ஃபைட் என்றால் நூற்றுக்கு நூறு. நாலு ஃபைட், அழுகை ஜாஸ்தி என்றால் நாற்பது. வில்லன் சாகிற விதத்துக்குத் தனி மார்க். அடிபட்டு விழுகிறவர்களை நாங்கள் கணக்கில் எடுத்ததே இல்லை. அவர்கள் விழுவதற்கென்றே இருக்கிற ஆட்கள் என்று நினைத்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மேலே போனால் நான் பேசுவது வெறும் சினிமா விமர்சனமாகிவிடும்.

2005 ஆடி மாதம். எங்கள் காலனி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழா. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவில் மேசை போட்டு, ராத்திரி முழுக்கப் படம் ஓட்டுவது வழக்கம். அதற்கு மூன்று நாள் முன்னால் ஊரில் ஒருவருடைய கிணற்று மோட்டார் திருடு போயிருந்தது. மறுநாள் விடியற்காலையில் போலீஸ் வந்து எங்கள் காலனியிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனது. அதில் ஒருவர் மாமா. என்ன கேஸ் என்று கேட்டதற்கு ‘விசாரணை’ என்றார்கள். எஃப்.ஐ.ஆர். கிடையாது, காகிதம் கிடையாது. திருவிழா அன்று ராத்திரி எட்டு மணிக்கு விட்டார்கள். மோட்டார் எடுத்தவன் வேறு ஆள் என்று தெரிந்துவிட்டதாம். மாமா தெருவுக்குள் வரும்போது படம் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் படம். என்ன படம் என்பது இப்போது முக்கியமில்லை. திரையில் லாக்கப்பில் ஒருத்தனை நிற்க வைத்து அடிக்கிறார்கள். தெருவே விசில் அடிக்கிறது. நானும் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா பின்னால் நிற்கிறார். உள்ளங்காலைத் தரையில் வைக்க முடியாமல் பாதத்தின் ஓரத்தால் நடந்து வந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். அப்புறம் வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. இருபது வருஷம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாமா மார்க் போடச் சொன்னபோது அந்த விசில்தான் ஞாபகம் வந்தது. பழைய மாதிரி ஃபைட்டை எண்ணி மார்க் போட முடியவில்லை. வங்கியில் எந்தப் பதிவும் ஒற்றையாக நிற்காது. ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று இருக்க வேண்டும். ஒரு படம் எனக்கு இரண்டரை மணி நேரச் சந்தோஷத்தைக் கொடுக்கிறது என்றால் அதை யாருடைய கணக்கில் பற்று எழுதிக் கொடுத்தது என்று பார்க்க வேண்டாமா? நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்று, தொழிலுக்குப் பத்து மார்க்: கேமரா, நடிப்பு, இசை, கதை சொல்கிற வேகம். இன்னொன்று, நம் கணக்குக்குப் பத்து மார்க். அதற்கு நான்கு கேள்விகள். அடி முதலில் யார் மேல் விழுகிறது? திருப்பி அடிக்கிறவன் எங்கே பிறந்தவன்? செத்தவனுக்குப் பெயர் உண்டா, அழ ஆள் உண்டா? காவல் நிலையத்தை எந்தப் பக்கம் நின்று காட்டுகிறார்கள்?

இரண்டு படம் போவதற்குள் என் மனைவி ஐந்தாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தாள். “பொம்பள எதுக்காக சாவுறா?” அதற்கு அப்புறம் வருகிறேன்.

இனி நோட்டைப் பிரிக்கிறேன்.

முதலில் ‘அந்த நாள்’. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். 1943இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. கொலை செய்தது யார் என்று துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, மனைவி என்று ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒரு ‘நடந்த கதை’ திரையில் வருகிறது. தொழிலுக்கு ஒன்பது போட்டேன். எழுபது வருஷம் ஆகியும் அந்தப் படம் பழசாகவில்லை.

படம் முடிந்ததும் மாமா சிரித்தார். “ஒரு கொலகேஸுல ஒருத்தனக் கூட கைநீட்டி அடிக்கல பாத்தியா மாப்ள. ஒக்கார வச்சி கேக்குறாங்க. அவங்க கதைய முழுசா சொல்ல உடறாங்க.” எனக்குச் சுரீர் என்றது. நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விசாரணையைப் பார்த்திருக்கிறார். வீடு, வாசல், படிப்பு உள்ளவர்களிடம் விசாரணை என்றால் கேள்வி. 2015இல் வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’யைப் பாருங்கள். மு. சந்திரகுமார் தன் அனுபவத்திலிருந்து எழுதிய ‘லாக்கப்’ நாவலை வைத்து எடுத்த படம். பிழைக்கப் போன இடத்தில் பூங்காவில் படுத்துத் தூங்குகிற கூலிப் பையன்களுக்கு விசாரணை என்றால் லத்தி. அதே தமிழ்ச் சொல்தான். நாற்காலியில் உட்காருகிறவனுக்கு ஓர் அர்த்தம், தரையில் உட்காருகிறவனுக்கு வேறு அர்த்தம். ‘அந்த நா’ளுக்கு நம் கணக்கில் ஏழு. அடிக்காமலும் உண்மையைக் கண்டுபிடிக்கலாம் என்று 1954லேயே காட்டியதற்காக அந்த ஏழு.

அடுத்து ‘மூன்று முகம்’, 1982. ரஜினியின் அலெக்ஸ் பாண்டியன். நடை, பார்வை, மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிற தோரணை எல்லாம் இன்றைக்கும் எடுபடுகிறது. தொழிலுக்கு ஏழு. ஆனால் அந்த வருஷத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற தடுப்புக்காவல் சட்டமும் 1982ஆம் வருஷத்துச் சட்டம்தான். ஒருவனை விசாரணைக்கு முன்பே ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். படத்துக்கும் சட்டத்துக்கும் நேரடி உறவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘கெட்டவன் யார் என்று போலீசுக்குத் தெரியும், நிரூபிப்பதெல்லாம் அப்புறம்’ என்ற பொதுப்புத்தி சட்டசபையிலும் தியேட்டரிலும் ஒரே காலத்தில் இருந்திருக்கிறது. நம் கணக்கில் மூன்று.

‘நாயகன்’, 1987. மணிரத்னம், பி.சி. ஸ்ரீராம், தோட்டா தரணி, இளையராஜா, கமல். தொழிலுக்கு ஒன்பதரை. அரை மார்க்கைப் பிடித்துக்கொண்டது என் சின்ன புத்தி, விடுங்கள். இந்தப் படத்தைத் திட்டுவதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் மூன்றாவது கேள்விக்கு மற்றப் படங்களைவிட நேர்மையாகப் பதில் சொல்கிறது. தொழிற்சங்கத் தலைவரான அப்பாவை போலீஸ் சுடுகிறது. வளர்த்தவர் லாக்கப்பில் செத்துக் கிடக்கிறார். அதற்குக் காரணமான இன்ஸ்பெக்டரை வேலு கொல்கிறான். படம் அங்கே கைதட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த இன்ஸ்பெக்டரின் மனைவியையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளையையும் காட்டுகிறது. கடைசியில் அந்தப் பிள்ளை கையாலேயே வேலு சாகிறான். கொன்றவன் கணக்கும் செத்தவன் கணக்கும் ஒரே படத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த லாக்கப் காட்சியில் மாமா நிறுத்தச் சொன்னார். வீட்டில் பார்ப்பதில் அதுதான் வசதி. தியேட்டரில் படம் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். வீட்டில் நீங்கள் நிறுத்தலாம். பின்னால் தள்ளிப் பார்க்கலாம். எழுந்து தண்ணீர் குடிக்கலாம். மாமா தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “போடு” என்றார்.

ஆனால் நாயகனில் தாராவி எங்கே? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து உருவாக்கிய இடம் அது. தோல் பதனிட்டவர்கள், சாக்கடைக்கு மேல் குடிசை போட்டவர்கள். படத்தில் அவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள், கும்பிடுகிறார்கள், அழுகிறார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு ‘நாயக்கர்’ தேவைப்படுகிறார். அவர்கள் தாங்களே பேசுவதைத் தமிழ் சினிமாவில் பார்க்க 2018இல் ‘காலா’ வரைக்கும், முப்பத்தொரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. நாயகனுக்கு நம் கணக்கில் ஐந்து.

இப்போது என் இரண்டாவது கேள்வி: திருப்பி அடிக்கிறவன் எங்கே பிறந்தவன்? இதற்கு மூன்று படங்களைச் சேர்த்துச் சொல்கிறேன். ‘மலைக்கள்ளன்’ 1954, ‘தளபதி’ 1991, ‘பாட்ஷா’ 1995. நாற்பது வருஷ இடைவெளியில் ஒரே ரகசியம். மலைக்கள்ளன் ஏழைகளுக்கு உதவுகிற கொள்ளைக்காரன். கடைசியில் பார்த்தால் கதாநாயகியின் காணாமல்போன முறைமாப்பிள்ளை, நல்ல குடும்பத்துப் பிள்ளை. தளபதியின் சூர்யா குப்பத்தில் வளர்ந்தவன். ஆனால் பிறந்தது அங்கே இல்லை. கூட்ஸ் ரயிலில் விடப்பட்ட குழந்தை. கலெக்டருக்கு அண்ணன். பாரதத்துக் கர்ணன் கதை. தேரோட்டி வீட்டில் வளர்ந்தாலும் வீரம் பிறப்பால் வந்தது என்று சொல்கிற கதை. பாட்ஷாவின் மாணிக்கம் ஆட்டோ ஓட்டுகிறான். ஆனால் வெறும் ஆட்டோக்காரன் இல்லை, பம்பாயையே ஆண்ட தாதா.

புரிகிறதா தோழர்களே? குப்பத்தில் பிறந்து, குப்பத்திலேயே வளர்ந்து, ஆட்டோ மட்டுமே ஓட்டுகிற ஒருவன் திருப்பி அடிக்க இந்தப் படங்களில் அனுமதி இல்லை. அவனுக்குள் வேறு யாரோ ஒளிந்திருந்தால்தான் அடிக்கலாம். எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய ஆங்கில நூல் நம்மில் பலர் படித்ததுதான். ஏழைகள் எம்.ஜி.ஆரிடம் எதைப் பார்த்தார்கள் என்பதை இளக்காரம் இல்லாமல் எழுதியவர் அவர். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

ஏனென்றால் பாட்ஷாவில் ஒரு காட்சி இருக்கிறது. போலீஸ் வேலையில் இருக்கிற தம்பிக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறேன் என்று மாணிக்கம் முன்வருகிறான். கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே வாங்குகிறான். தெருவே வேடிக்கை பார்க்கிறது. கம்பத்தில் கட்டி அடிப்பது என்பது நமக்கு சினிமா இல்லை. நம் தாத்தாக்களுக்கு நடந்தது, இன்றும் எங்காவது நடக்கிறது. ஆனால் இங்கே கட்டப்பட்டவன் மனசு வைத்தால் அத்தனை பேரையும் நொறுக்கலாம் என்று நமக்குத் தெரியும். அடி வாங்குகிறவன் பலவீனத்தால் வாங்கவில்லை, பொறுத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கும்போது வருகிற சிலிர்ப்பு இருக்கிறதே, அதைப் ‘பொய்யான உணர்வு’ என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அடுத்த தடவை கட்டவிழ்க்கும்போது என்ன நடக்கும் என்ற கற்பனையில்தான் பல தலைமுறை உயிர் பிழைத்திருக்கிறது. பாட்ஷாவுக்குத் தொழில் எட்டு, நம் கணக்கில் ஆறு. மாமா பத்துக்குப் பத்து போட்டார். நான் வாதாடவில்லை.

‘கேப்டன் பிரபாகரன்’, 1991 ஏப்ரல். வீரப்பனை மனதில் வைத்து எடுத்த காட்டுப் படம். விஜயகாந்துக்கு நூறாவது படம். தொழிலுக்கு ஏழு. கடத்தல்காரனுக்குப் பின்னால் இருக்கிற பெரிய மனிதர்களையும் அந்தப் படம் காட்டுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காட்டுக்குள் காக்கிச்சட்டை நுழைந்தால் நியாயம் நுழைகிறது என்பதுதான் அந்தப் படம் நமக்குக் கொடுத்த பரவசம். அடுத்த வருஷம், 1992 ஜூன் 20, தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலைவாழ் மக்கள் ஊருக்குள் நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பரில் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. படம் பார்த்துவிட்டுப் போய்ச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெண்கள் சொன்னதை இந்தச் சமூகம் நம்புவதற்கு ஏன் பத்தொன்பது வருஷம் பிடித்தது என்று கேட்கிறேன். காக்கியை நம்புவதற்கு நாம் எத்தனை படங்களில் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம்! நம் கணக்கில் இரண்டு.

‘தேவர் மகன்’, 1992. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. தொழிலுக்கு ஒன்பது, தயக்கமில்லாமல். அரிவாளைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று சொல்கிற படம் என்றுதான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். சொல்கிறதுதான். ஆனால் அந்தப் படத்தின் பாட்டு எந்தெந்த ஊர்வலத்தில், எந்தெந்தச் சேரி ஓரத்தில் எப்படி ஒலிக்கவிடப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பார்க்கும்போது என் கண் பெரிய தேவர் மேலும் சின்ன தேவர் மேலும் நிற்கவில்லை. இசக்கி மேல் நின்றது. வடிவேலு நடித்த வேலைக்காரன். பட்டணத்திலிருந்து வந்த சின்ன ஐயாவுக்காகப் பூட்டிக் கிடந்த கோயிலின் பூட்டை உடைக்கிறான். அதற்கு விலையாக அவன் கை போகிறது. அங்காளி பங்காளிச் சண்டையில் முதலில் வெட்டுப்பட்டது யார் கை என்று பாருங்கள். கதாநாயகன் வருத்தப்படுகிறான், கதை நகர்கிறது. இசக்கி என்ன சாதி என்று படம் சொல்லவில்லை. அவன் கோபப்பட்டானா என்றும் சொல்லவில்லை. மாரி செல்வராஜ் 2023இல் ‘மாமன்னன்’ படத்தையொட்டிப் பேசும்போது, அந்த இசக்கியைத்தான் தான் மாமன்னன் ஆக்கிப் பார்த்ததாகச் சொன்னார். அதே வடிவேலு இந்தப் படத்தில் எம்.எல்.ஏ. முப்பத்தொரு வருஷம் கழித்து ஒருவன் திரும்பப் பார்த்து, மார்க்கைத் திருத்தி, வேறொரு படமாகவே எடுத்துவிட்டான். திரும்பப் பார்ப்பது வெட்டி வேலை இல்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பெரிய சாட்சி இது.

என் அம்மா அடுப்பங்கரையிலிருந்தே கேட்டார், “அந்தப் புள்ள கைக்கு யாராச்சும் கேஸு குடுத்தாங்களா?” இல்லை அம்மா, யாரும் கொடுக்கவில்லை. நம் கணக்கில் ஒன்று. அந்த ஒன்றும் இசக்கிக்கு.

கடைசியாக ‘காக்க காக்க’, 2003. தொழில் எட்டு. என்கவுன்ட்டர் செய்கிற போலீஸ் அதிகாரிகளை அழகாக, அன்பாக, நண்பர்களாகக் காட்டிய படம். அதே வருஷம் சென்னையில் அயோத்திக்குப்பம் வீரமணி போலீசால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் நல்லவர் என்று நான் வாதாட வரவில்லை. தண்டனை கொடுக்க நீதிமன்றம் எதற்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. படத்தில் சுடப்பட்ட சேதுவுக்கு அழ ஒரு தம்பி இருக்கிறான். ஆனால் அவன் அழுகையே வில்லத்தனமாகத்தான் வருகிறது. போலீஸ்காரன் பெண்டாட்டிக்காக அழுதால் காதல், ரௌடி அண்ணனுக்காக அழுதால் வெறி. நம் கணக்கில் ஒன்றரை.

இங்கேதான் என் மனைவியின் கேள்வி. பொம்பள எதுக்காக சாவுறா? நாயகனில் நீலா, காக்க காக்கவில் மாயா, 2006இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’வில் கயல்விழி. மூன்று பேரும் மனைவிகள், மூன்று பேரும் கொல்லப்படுகிறார்கள். “ஆம்பளைக்கு கோவம் வரணும்னா ஒரு பொம்பள சாவணும். ஒங்க நோட்டுல இத எழுதாம என்னா கணக்கு?” என்றாள். எழுதினேன். எழுதிய பிறகு முன்பு போட்ட பல மார்க் இறங்கியது. நான் போட்ட நாலு கேள்வியிலும் ‘அவன்’தான் இருக்கிறான் என்பதை அவள் சொல்லித்தான் பார்த்தேன்.

தோழர்களே, நம் பக்கத்துப் படங்களையும் இதே நோட்டில்தான் எழுத வேண்டும். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாக நம்மவர்கள் கேமரா பிடிக்கிறார்கள். ‘மெட்ராஸ்’, ‘பரியேறும் பெருமாள்’, ‘கர்ணன்’, ‘சார்பட்டா பரம்பரை’. பெருமைதான். ஆனால் சலுகை மார்க் கிடையாது. 2025 ஜூலையில் பா. ரஞ்சித் படத்தின் படப்பிடிப்பில், நாகப்பட்டினம் மாவட்டத்தில், கார் பாய்கிற காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் செத்துப்போனார். எல்லாப் படத்திலும் கதாநாயகன் கை பட்டதும் பறந்து விழுகிற அந்த உடம்புகள் உழைக்கிற சனங்களின் உடம்புகள். அவர்கள் பெயர் பெரிய எழுத்தில் வருவதில்லை. நாம் எடுக்கிற படத்திலும் விழுகிறவன் விழுகிறான். அடி யார் மேல் விழுகிறது என்ற கேள்வி திரைக்குள்ளே மட்டும் இல்லை, படப்பிடிப்புத் தளத்திலும் இருக்கிறது.

அப்படியானால் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. எனக்கு இவை பிடிக்கும். இன்று ராத்திரி மூன்று முகம் போட்டால் உட்கார்ந்துவிடுவேன். தடை, புறக்கணிப்பு என்ற பேச்சு எனக்கு ஒத்துவராது. கணக்கு எழுதுங்கள் என்கிறேன். ஆளுக்கொரு நோட்டுப் போடுங்கள். வீட்டில் அம்மா, ஆயா, மாமா எல்லோரையும் உட்கார வைத்துப் பாருங்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்று கவனியுங்கள். நம் தெருவில் ஸ்டேஷனுக்குப் போய்வந்த உடம்பு எத்தனை இருக்கிறதோ அத்தனை விமர்சகர்கள் இருக்கிறார்கள். நாம் அவர்களைக் கேட்டதே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கைது செய்யும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் விதிகள் வகுத்தது. கைது நேரத்தைக் குறிப்பாணையில் எழுத வேண்டும். சாட்சிக் கையெழுத்து வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை வேண்டும். இந்த விதிகளைக் காவல் நிலையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையத்திலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் சொன்னது. மாமாவைக் கூட்டிக்கொண்டு போனது முதல் தீர்ப்பு வந்து எட்டரை வருஷத்துக்கு அப்புறம். எங்கள் காலனியில் ஒருவருக்கும் அது தெரியாது. அத்தனை போலீஸ் படம் பார்த்திருந்தோம். ஒரு படத்திலாவது கதாநாயகன் கைதுக் குறிப்பாணை எழுதி, கைதானவன் வீட்டுக்குத் தகவல் சொல்லி நான் பார்த்த ஞாபகம் இல்லை.

மாமா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, இருபது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். “அன்னைக்கு நான் விசில் அடிச்சத பாத்தியா மாமா?”

“பாத்தன்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “நானும் அதே படத்துக்கு முன்னாடி விசில் அடிச்சவன்தான் மாப்ள. அதான் ஒன்ன ஒன்னும் சொல்லல.” அப்புறம் இன்னொன்று சொன்னார். “படத்துல அடிக்கிற சத்தம் இருக்கு பாரு, அது பொய்யி. உள்ள அடிக்கிறப்ப அவ்ளோ சத்தம் வராது. வெளிய நிக்கிற ஒங்க அம்மாவுக்குக் கூட கேக்கல.”

அம்மா அந்த மூன்று நாளும் ஸ்டேஷன் வாசலில் சோற்றுத் தூக்கோடு நின்றிருக்கிறார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நோட்டை இங்கே மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். மார்க்கில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கும். அடித்துவிட்டு உங்கள் மார்க்கை எழுதுங்கள், பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். விவாதத்துக்கு விடுகிறேன்.